ரசமட்டம் மேடமும் உடையாத க்யூபும்

சிவில் துறைக்குத் தலைவர் வேண்டும் என்று பேச்சு வந்த வாரத்தில், அந்தத் துறையின் மூத்த பேராசிரியர்கள் மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் முதுகுவலி வந்தது. ஒருவர் கழுத்தில் பட்டையே போட்டுக்கொண்டு வந்துவிட்டார். முதுகுவலிக்கு எதற்குக் கழுத்தில் பட்டை என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. நான்காவதாக இருந்தவருக்கு வலி எதுவும் வரவில்லை. ஏனென்றால் அவர் அப்போது மாடியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார், விஷயமே தெரியாது. மணி அடித்து, கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக் கீழே இறங்குவதற்குள் அவரைத் தலைவராக்கி முடித்துவிட்டார்கள்.

பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி அங்குமிங்கும் ஓடுமே, அதேதான். எந்த அறைக்குள் நுழைந்தாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவரில் மாட்டிய படம் நேராக இருக்கிறதா, மேசை ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மகளைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்த ஜன்னல் கோணலா இருக்கு" என்பதுதானாம். மருந்துக்கடை வைத்திருந்த அவருடைய வீட்டுக்காரர் இதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஜன்னல் கோணல்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

கோணல் பார்க்கிற இந்த வியாதி சின்ன வயதிலேயே வந்தது. அவருடைய அப்பா, கட்டிக்கொண்டிருக்கிற வீடுகளுக்குக் காவல்காரர். அதனால் குடும்பம் எப்போதும் கட்டி முடியாத வீட்டில்தான் குடியிருந்தது. கூரை இருக்கும், ஜன்னல் இருக்காது. மாடிப்படி இருக்கும், பிடித்து ஏறக் கம்பி இருக்காது. கதவு வைக்கிற ஆசாரி வந்துவிட்டால் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிடுவார். கதவு வந்தால் வீட்டுக்காரன் வருவான், இவர்கள் கிளம்ப வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் "உன் வீடு எது?" என்று கேட்டால் அந்தச் சின்னப் பெண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாடி வீட்டைக் காட்டினாள். வகுப்பே சேர்ந்து அவளைப் புளுகுணி என்றது. அவள் காட்டிய எல்லாமே உண்மை.

அப்படி வளர்ந்தவள் கட்டடம் கட்டத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றதில் ஆச்சரியமில்லை. வகுப்பில் இவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் வேலை கேட்டுப் போன இடத்தில், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா வெயில்ல நிக்கற வேலை?" என்று கரிசனமாகக் கேட்டுவிட்டு, இவளைவிடக் குறைவாக மார்க் வாங்கிய பையனை வெயிலில் நிறுத்தினார்கள். சரி, கட்டத்தான் விடவில்லை, கட்டுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வந்தவர் அங்கேயே வேரூன்றிவிட்டார்.

தலைவரானதும் அவருக்கு ஒரு தனி அறை கிடைத்தது. கூடவே, ஓடினால் கத்துகிற ஒரு மின்விசிறி. எங்கேயோ பாலம் கட்டுவது பற்றித்தான் துறைத் தலைவர்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று மகள் நினைத்திருந்தாள். அம்மா உண்மையில் யோசித்தது, கழிப்பறைக் குழாயை யார் உடைத்தது, வருகை குறைந்த பையனின் அப்பா வந்து அழுதால் என்ன பதில் சொல்வது, இரண்டு ஆசிரியர்கள் ஒரே நாளில் மாமனார் செத்துப்போனதாக லீவு எடுத்தால் எந்த மாமனாரை நம்புவது, இப்படித்தான்.

"என்னம்மா, இன்னிக்கு என்ன கட்டினே?" என்று மகள் சாயங்காலம் கேட்பாள்.

"டைம் டேபிள் கட்டினேன்."

"நின்னுச்சா?"

"எங்க நின்னுச்சு? ரெண்டு பேர் லீவு. மத்தியானமே விழுந்துடுச்சு."

மகள் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று மட்டும் அந்தச் சிரிப்பு வீட்டில் இல்லை. மேடம் ஒன்றும் திட்டவில்லை. "சரி, படி" என்றார். அப்புறம் போய்ச் சமையலறை அலமாரியிலிருந்த டப்பாக்களை எல்லாம் உயரவாரியாக அடுக்கினார். பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது என்று அப்பாவுக்கும் மகளுக்கும் தெரிந்தது.

மகள் மட்டுமில்லை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் ஓடின. சிவில் வகுப்பில் பின் பெஞ்சுகள் காலியாகி, நடு பெஞ்சுகள் காலியாகி, முன் பெஞ்சுகளில் நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் துறைக்கு உட்கார இடம் போதவில்லை. டீன் அடிக்கடி சிவில் மாடிக்கு வந்து, காற்று வாங்குகிறவர் மாதிரி அறைகளின் நீள அகலத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் கூப்பிட்டே சொல்லிவிட்டார். "ஆய்வுக் குழு வருது மேடம். இந்தத் தடவை அவங்க ஓகே சொல்லலைன்னா வர்ற வருஷம் சிவில்ல அட்மிஷன் கிடையாது. இருக்கற பசங்க முடிச்சுட்டுப் போனதும் கடையை மூட வேண்டியதுதான். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

"லேபுக்கு மெஷின் ஒண்ணு கேட்டிருந்தேன் சார். வருஷா வருஷம் கேக்கறேன்."

"முதல்ல டிபார்ட்மென்ட் இருக்கட்டும் மேடம். அப்புறம் மெஷின் பத்திப் பேசலாம்."

மேடம் படியேறித் திரும்பி வரும்போது, வராந்தாவில் மாட்டியிருந்த மரப்பலகையின் முன்னால் நின்றார். துறை தொடங்கிய நாளிலிருந்து இருந்த தலைவர்களின் பெயர்களை அதில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தார்கள். கடைசியில் அவர் பெயர். அதற்குக் கீழே ஒரு சாண் மரம் வெறுமையாக இருந்தது. துறை மூடப்பட்டால் அந்த ஒரு சாண் அப்படியே இருக்கும். சிவிலைத் தொடங்கியவர் மேலே, மூடியவர் கீழே. வேறு எதைத் தாங்கினாலும் இதைத் தாங்க முடியாது என்று அவருக்குப் பட்டது. நாற்காலிக்கு ஆசைப்படாத மனுஷிதான். ஆனால் கடைசிப் பெயராக இருக்கப் பயந்தார்.

ஆய்வுக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் ஜோடிக்கலாம், வண்ணப் படம் போட்டுக் கண்ணைக் கட்டலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களும் எங்கேயோ ஆசிரியர்கள்தானே. அதனால் சிவில் துறைக்கு வந்தால் ஆய்வுக்கூடத்தில் ஒரு கான்கிரீட் க்யூபைத் தங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்வார்கள். சிமெண்டும் மணலும் ஜல்லியும் அளந்து கலந்து, இரும்பு அச்சில் போட்டு, கெட்டியானதும் தொட்டித் தண்ணீரில் சுமார் நாலு வாரம் ஊறவைத்த கனசதுரக் கட்டி அது. அதை அமுக்கும் மெஷினில் வைத்து, மேலிருந்து அழுத்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பட்டென்று உடையும். எந்த அழுத்தத்தில் உடைந்தது என்று டயலில் முள் காட்டும். குறைந்த அழுத்தத்தில் உடைந்தால் துறைக்குக் கான்கிரீட் கலக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அதைவிட ஒரு சிவில் துறைக்கு வேறென்ன அவமானம் வேண்டும்?

அங்கேதான் பிடித்தது சனியன். கடந்த இரண்டு தேர்விலும் மாணவர்கள் போட்ட க்யூபுகள் பொரிகடலை மாதிரி உதிர்ந்திருந்தன. மணலில் மண் அதிகம், சிமெண்ட் பழசு. மேடம் இந்தத் தடவை புதுச் சிமெண்ட் வரவழைத்தார். மணலை லேப் டெக்னீஷியன் தானே சலித்தார்.

அந்த டெக்னீஷியனைப் பையன்கள் கிரீஸ் என்பார்கள். எப்போதும் முழங்கை வரை கறுப்பாக இருக்கும். மேடம் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அமுக்கும் மெஷின் அவரைவிட வயதானது. பம்ப் இளைத்துப்போய், முள் ஒரு அளவுக்கு மேல் ஏறாது. அதைத் துறையில் எல்லோரும் அறிவார்கள். ஆனால் கவலைப்படவில்லை. அவர்கள் க்யூபுகளில் எதுவும் அந்த அளவைத் தொட்டதே கிடையாதே!

க்யூப் போடுவதற்கு முந்தின சாயங்காலம் கிரீஸ் எல்லாவற்றையும் எடை போட்டுத் தட்டில் கொட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். காலையில் தண்ணீர் ஊற்றிக் கலக்க வேண்டியதுதான் பாக்கி. மேடம் சரிபார்க்க வந்தார். தட்டைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். எடை சரிதான். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. போன தேர்வில் உதிர்ந்த க்யூப் கண்முன் வந்தது, ஒரு சாண் வெற்று மரம் வந்தது. மாணவன் கணக்கில் ஒரு புள்ளியைத் தள்ளி வைத்தாலே தாளைக் கிழித்துத் தூக்கிப் போடுகிற ரசமட்டம், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சிமெண்ட் மூட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் மக்கை விட்டார். நிறைய மொண்டு தட்டில் போட்டுக் கையால் கலந்துவிட்டார். அப்புறம் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, திருடின பூனை மாதிரி மெல்ல வெளியே வந்தார்.

காலையில் தண்ணீர் ஊற்றிக் கலந்தபோது கலவை வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. கிரீஸ் கரண்டியை இழுக்க முடியாமல் நெற்றியைத் துடைத்தார். ஏன் இப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. மேடமும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொருவர்தான், "வெயில் அதிகம் இல்லையா, ஈரத்தை இழுக்குது" என்றார் இதமாக. அன்று வானம் மூடிக்கொண்டு இருந்தது. யாரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. கலவையை அச்சில் திணித்து, அதிரும் மேசையில் ரொம்ப நேரம் ஆட்டி, ஒருவழியாக இறுக்கி முடித்தார்கள்.

அந்த இன்னொருவர்தான் கழுத்தில் பட்டை போட்டு வந்தவர். முதுகுவலிக்காரர்களில் மற்ற இருவரும் ஓய்வு பெற்றுப் போய்விட, இவர் அடுத்த இடத்தில் இருந்தார். சோப்பு சார் என்பது அவர் பட்டப்பெயர். டீனுக்குப் போடுவார், டீனின் டிரைவருக்கும் போடுவார். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. பேசினால் நுரை மட்டும்தான் மிஞ்சும்.

நாலு வாரம் கழித்து ஆய்வுக் குழுவில் மூன்று பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர்தான் தலைவர். ஒருவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார். மற்றவர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவர். காலையில் எல்லாம் நன்றாகவே போனது. முன் பெஞ்சு நாலு பேரும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஒருத்தன் கேட்காத கேள்விக்கும் சொன்னான். மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார்கள்.

கிரீஸ் க்யூபைத் துடைத்து மெஷினில் வைத்தார். பம்ப் உறுமியது. முள் ஏறியது. வேண்டிய அளவைத் தொட்டது, தாண்டியது. "பரவால்லையே" என்றார் பெரியவர். மேடத்துக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை குளிர்ந்தது. இப்போது உடைந்தால் போதும். துறை பிழைத்தது.

உடையவில்லை.

முள் இன்னும் ஏறியது. க்யூபில் ஒரு கீறல்கூட இல்லை. கிரீஸின் முகம் மாறியது. இந்த மெஷின் அந்தப் பக்கம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று. பம்ப் உறுமுவதை விட்டு முனக ஆரம்பித்தது.

"மேடம், நிறுத்திடலாமா?" என்று சோப்பு சார் காதருகே வந்தார்.

"சார், தேவையான அளவு தாண்டிடுச்சு. இதுவே போதும்னு..." என்று மேடம் பெரியவரிடம் ஆரம்பித்தார்.

எழுதுகிறவர் தலை நிமிரவில்லை. "உடையட்டும் மேடம். எதுல உடைஞ்சதுன்னு ஒரு கட்டம் இருக்கு. உடைஞ்சாத்தான் எழுத முடியும்."

கிரீஸ் மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். லீவர் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அப்போது உள்ளே ஏதோ கிழிகிற சத்தம் கேட்டது. ஆயில் சீல் பிய்த்துக்கொண்டு, கறுப்பு எண்ணெய் பீச்சாங்குழல் மாதிரி பீய்ச்சி, பெரியவரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு கோடு போட்டது. தூங்குகிறவர் விழித்துக்கொண்டார். முள் சரசரவென்று கீழே விழுந்து பூஜ்யத்தில் படுத்தது.

க்யூப் மட்டும் சிவனே என்று அப்படியே உட்கார்ந்திருந்தது.

பெரியவர் கைக்குட்டையால் சட்டையைத் துடைத்தார். அது இன்னும் பரவியது. "க்யூப் பாஸ்" என்றார். "மெஷின் ஃபெயில்." அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

மறுநாள் டீன் அறையில் மேடமும் சோப்பு சாரும் நின்றார்கள். அறிக்கையில் ஒரே வரிதான் குத்தியது. சோதனைக் கருவி இயங்கும் நிலையில் இல்லை, ஆகவே மாணவர் சேர்க்கைக்குப் பரிந்துரைக்க இயலவில்லை.

"ஆனா பெரியவர் நல்ல மனுஷன்" என்றார் டீன். "போன்ல பேசினேன். மெஷினைப் பாத்துக்க வேண்டிய ஆள் பாத்துக்கலை, அந்த ஆள் மேல நடவடிக்கை எடுத்தாச்சு, புது மெஷின் வாங்கியாச்சுன்னு நாம எழுதிக் கொடுத்தா இன்னொரு தடவை வந்து பாக்கறேன்னார். மெஷின் நான் வாங்கித் தரேன். எனக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதான்."

"பேரா?"

"யாராவது ஒருத்தர் மேடம். சும்மா 'கவனக்குறைவு'ன்னு மொட்டையா எழுதினா ஒத்துக்க மாட்டாங்க."

சோப்பு சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "லேப்ல மெஷினுக்குப் பொறுப்பு டெக்னீஷியன்தானே சார். பாவம், நல்ல மனுஷன். ஆனா வயசாயிடுச்சு. க்யூபுல யாரு அளவுக்கு மீறி என்னத்தப் போட்டிருந்தாலும், மெஷினை நேரத்துக்கு நிறுத்த வேண்டியது அவர் வேலைதானே?"

மேடம் திரும்பி அவரைப் பார்த்தார். க்யூபில் அளவுக்கு மீறி எதையும் போட்டதாக அந்த அறையில் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் சார்" என்று டீனிடம் சொல்லிவிட்டு நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கிரீஸ் தரையில் மண்டியிட்டு மரத்தூள் தூவி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேடத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். திட்டுங்க, பரவால்ல. அன்னிக்கு சாயங்காலம் எடை போட்டு வச்சேன்ல? டீ குடிச்சுட்டு வந்து பாத்தேன். மனசு கேக்கல. ஒரு மக் சிமெண்ட் சேத்துப் போட்டுட்டேன்."

மேடம் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். அது ஆடியது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நானும் ஒரு மக் போட்டேண்ணே."

கிரீஸ் கையிலிருந்த மரத்தூளைக் கீழே போட்டார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து அது மூக்கு வழியே வந்தது. மேடத்துக்கும் தொற்றிக்கொண்டது. எண்ணெய்த் தரையில் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"உதிர்ந்துடும்னு பயந்தேன் மேடம்."

"நானும் அதேதான்."

சிரிப்பு அடங்கியதும் கிரீஸ் தலையைச் சொறிந்தார். "ஆனா ரெண்டு மக்குக்கு இவ்வளவு வராதே மேடம். மூணாவது ஒரு கை விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு" என்றார் மேடம்.

வராந்தாவில் சோப்பு சார் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மேடம் போய் நேராகக் கேட்டார். "நீங்க எவ்வளவு போட்டீங்க சார்?"

"எதை மேடம்?"

"நான் ஒரு மக். அவர் ஒரு மக். நீங்க?"

சோப்பு சார் புட்டியை மூடி, மூடியை இன்னொரு தடவை திருகினார். குரல் வெல்லமாக இருந்தது. "மேடம், யாரும் கேக்காத விஷயத்தை நாமளே எதுக்குப் பேசிக்கணும்? சிமெண்ட் பத்தி அறிக்கைல ஒரு வார்த்தை இருக்கா? இல்ல. மெஷின் பத்திதான் இருக்கு. டெக்னீஷியனை எழுதிக் கொடுத்தா துறை பிழைக்கும். நீங்களும் தலைவரா இருப்பீங்க. நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அவர் குவார்ட்டர்ஸ்ல இருக்கார்."

"வேற வீடு கிடைக்காமலா போயிடும்?"

காலி செய்யச் சொன்ன வீட்டில் பாத்திரம் சாக்குக்குள் போகும்போது எப்படிச் சத்தம் வரும் என்று மேடத்துக்குத் தெரியும். சோப்பு சாருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னார். வீட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வைத்தார். மகள்தான் குதித்தாள்.

"நீ போட்ட ஒரு மக்குக்கு நீ சொல்லும்மா. மூணு மக்குக்கும் சேத்து நீ எதுக்கு மாட்டிக்கணும்?"

"பேரு ஒண்ணுதான் கேக்கறாங்க."

"அப்ப அந்த சோப்பு பேரக் குடு!"

"அவர் இல்லைன்னு சொல்லுவார். நிரூபிக்க என்னடி இருக்கு? கடைசில சுத்திச் சுத்தி அந்த அண்ணன் தலைலதான் விடியும்."

"நீ லூசும்மா" என்றாள் மகள். சொல்லிவிட்டு அம்மாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மேடத்துக்கும் ஒன்றும் தியாகி ஆகிற ஆசை இல்லை. எப்படியாவது இன்னொரு வழி இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலு பையன்கள் இருந்தார்கள், அடுத்த வருஷம் வரப்போகிற பிள்ளைகள் இருந்தார்கள், ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிற சின்ன ஆசிரியர்கள் இருந்தார்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரு பெயர் விழவேண்டியிருந்தது. தன் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயர் விழுந்தாலும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது என்று தெரிந்தது. அதற்காகத் தன் மேலேயே அவருக்கு எரிச்சலாக வந்தது.

மறுநாள் டீனிடம், "என் பேரப் போடுங்க சார். மெஷின் நிலைமை தெரிஞ்சும் ஓட்டச் சொன்னது நான்" என்றார்.

டீன் திடுக்கிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா மேடம்? அப்புறம் தலைவரா தொடர முடியாது." சொல்லும்போதே மேசையில் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார்.

எல்லாம் சொன்னபடி நடந்தது. வருஷா வருஷம் மேடம் கேட்டும் வராத புது மெஷின், பெட்டியோடு ஒரே மாதத்தில் வந்து இறங்கியது. ஆய்வுக் குழு இன்னொரு தடவை வந்தது. இந்தத் தடவை யாரும் கூடுதலாக ஒரு சிட்டிகைகூடப் போடவில்லை. க்யூப் வேண்டிய இடத்தில் மரியாதையாக உடைந்தது. பெரியவர் கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். சேர்க்கைக்கு அனுமதி கிடைத்தது. சோப்பு சாருக்குக் கழுத்தும் சரி, முதுகும் சரி, அதிசயமாகக் குணமாகிவிட்டிருந்தன. தலைவரானார். மரப்பலகையில் மேடத்தின் பெயருக்குக் கீழே அவர் பெயரை எழுத ஆள் வந்தபோது, எழுத்து சற்றே மேல்நோக்கிச் சரிந்துபோனது. மேடம் அதைப் பார்த்தார். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். சொல்லவில்லை.

புதுத் தலைவர் அவரிடம் மிக மரியாதையாக நடந்துகொண்டார். "மேடத்துக்கு ஓய்வு வேணும், ரொம்ப அலைஞ்சுட்டாங்க" என்று டீனிடம் சொல்லி, கம்ப்யூட்டர் துறையின் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வரைபடம் சொல்லித்தரும் வேலையில் போட்டார். வகுப்பு எதிர்க் கட்டடத்தில். சிவில் மாடிக்கு இனி ஏற வேண்டிய அவசியம் இல்லை. முழங்கால் பிழைத்தது என்றார் வீட்டுக்காரர். அதற்கு மேடம் திருப்பிச் சொன்ன வார்த்தையை மகள் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

இதையெல்லாம்கூட அவர் எதிர்பார்த்திருந்தார். எதிர்பார்க்காதது கிரீஸ். முதலில் சில நாள் கும்பிடு போட்டார். அப்புறம் தூரத்தில் மேடம் வருவது தெரிந்தால் சைக்கிள் நிறுத்தும் இடத்துப் பக்கமாகத் திரும்பினார். பிறகு வேறு படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். மேடம் முதலில் இதை வெட்கம் என்று நினைத்துக்கொண்டார். நாளாக நாளாக அவரைப் பார்த்தாலே அந்த மனுஷனுக்கு மூச்சு முட்டுகிறது என்று புரிந்தது. உதவி செய்தவரின் முகத்தைத் தினமும் பார்ப்பது, உதவி வாங்கியவருக்கு ஒரு தண்டனை போலிருக்கிறது. ஒருநாள் கேன்டீனில் ஒரே வரிசையில் மாட்டிக்கொண்டார்கள். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று இவர் கேட்டார். "இருக்கேன் மேடம்" என்று சொன்னவர், டீயை வாங்காமலே வரிசையை விட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் வரைபட வகுப்பில், கனசதுரத்தை எப்படி மூன்று பக்கமும் காட்டுவது என்று பலகையில் போட்டுக்கொண்டிருந்தார். முன் வரிசையிலிருந்த ஒரு பெண் கை தூக்கினாள். மொபைலை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டே கேட்டாள்.

"மேடம், கான்கிரீட்டை நிஜமாவே மெஷின்ல வச்சு உடைப்பாங்களாமே? எங்க சீனியர் சொன்னாங்க. எண்ணெய் பீய்ச்சி அடிச்சுதாம்!"

வகுப்பு சிரித்தது. மேடமும் சிரித்தார். அந்தப் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் கதை தெரியும், யாருடைய கதை என்று தெரியாது. அவருக்குள் ரொம்ப நாளாக மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று நிமிர்ந்தது. இவர்களில் ஒரு பத்துப் பேரையாவது கூட்டிப்போய் ஒரு க்யூபை உடைத்துக் காட்டினால் என்ன? அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஒரு பிள்ளையாவது வீட்டில் போய்ச் சண்டை போட்டு சிவிலுக்கு மாறாதா?

"பாக்கணுமா? எதிர்ல இருக்கற கட்டடம்தான். நீ போய் டெக்னீஷியனைக் கேட்டுட்டு வா. கை கறுப்பா இருக்கும், அவர்தான். மேடம் வகுப்பு, அரை மணி நேரம் லேப் வேணும்னு சொல்லு."

அந்தப் பெண் துள்ளிக்கொண்டு ஓடினாள். பிள்ளைகள் நோட்டை மூடி வைத்துத் தயாரானார்கள். மேடம் கையைக் கழுவிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் நின்றார். எதிர்க் கட்டடத்தில் ஆய்வுக்கூட வாசலில் அந்தப் பெண் பேசுவதும், கிரீஸ் தலைகுனிந்து நின்று கேட்பதும் தெரிந்தது.

அவள் மெல்ல நடந்து திரும்பி வந்தாள்.

"மேடம், தலைவர் சாரைக் கேக்காம வெளி ஆளுங்களை விடக்கூடாதாம். அந்த அங்கிள் சொன்னார்."

"யாரு வகுப்புன்னு சொன்னியா?"

"சொன்னேன் மேடம். உங்க பேரே சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

அந்தப் பெண் நகத்தைக் கடித்தாள். "ஒண்ணும் சொல்லலை மேடம். உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார்."

வகுப்பு 'ச்சே' என்றது. மேடம் சாக்பீஸை எடுத்தார். பலகையில் பாதியில் நின்ற கனசதுரத்தைப் பார்த்தார்.

"சரி, நோட்டைத் திறங்க. அங்க ஒண்ணும் பெருசா இல்ல. ஒரு கல்லு உடையும், அவ்வளவுதான்."